‘சாதியைத் தொடும் பாடல் கூடாது’: மக்களிசை மேடையின் மீது ஒரு நிபந்தனை

தமிழ்நாட்டின் ஒரு கிராமத்தில் மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, நாலு பாட்டுப் பாட வேண்டுமானால் காவல்துறையின் அனுமதி வேண்டும். கோயில் திருவிழாவின் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கும் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் கலை நிகழ்ச்சிக்கும் நடைமுறை ஒன்றுதான். அனுமதி கிடைத்தால் அதனுடன் நிபந்தனைகளும் வந்து சேரும். ஆபாச நடனம் கூடாது. இரட்டைப் பொருள் தரும் பாடல் கூடாது. எந்த அரசியல் கட்சியையும், மதத்தையும், சமூகத்தையும், சாதியையும் தொடும் பாடலோ ஆடலோ இடம்பெறக் கூடாது. கட்சிக்கோ சாதித் தலைவருக்கோ ஆதரவாகப் பதாகை வைக்கக் கூடாது. மீறினால் நிகழ்ச்சியை அந்த இடத்திலேயே நிறுத்தக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம், குறிப்பாக அதன் மதுரை அமர்வு, திருவிழா வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதிய வாசகங்கள் இவை. நாளடைவில் அவை அனுமதிக் கடிதங்களின் மாறாத பகுதியாகிவிட்டன.

இவற்றுள் மூன்றாவது நிபந்தனையைப் பற்றியதே இக்கட்டுரை. மேலோட்டமாகப் படித்தால் அது நடுநிலையானதாகத் தெரியும். சாதிக் கலவரத்தைத் தடுக்கும் நல்ல நோக்கம் கொண்டதாகவும் தெரியும். ஆனால், சாதியின் பேரால் வெட்டப்பட்டவனைப் பற்றிப் பாடுகிறவளையும், வெட்டிய அரிவாளைப் புகழ்ந்து பாடுகிறவனையும் ஒரே வரியில் நிறுத்தி, இருவரும் சாதியைத் தொட்டார்கள் என்று அது சொல்கிறது. நடைமுறையில் இருவருமே நிறுத்தப்படுவதில்லை என்பதுதான் இன்னும் பெரிய சிக்கல். யார் நிறுத்தப்படுகிறார் என்பதை ஊரின் பலமே முடிவு செய்கிறது.

கண்டமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் வளவனூரைத் தாண்டினால் மதகடிப்பட்டு, திருபுவனை எனப் புதுச்சேரி ஒன்றியப் பகுதி வரும். பிறகு மீண்டும் தமிழ்நாடாகக் கண்டமங்கலம். அதைக் கடந்தால் அரியூர், வில்லியனூர் என மறுபடியும் புதுச்சேரி. ஒரு பறைக்குழு தன் வண்டியில் அரைமணி நேரம் பயணம் செய்தால் இரண்டு அரசுகளின் காவல் எல்லைகளை மாறி மாறிக் கடக்கிறது. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் மறையும்வரை கண்டமங்கலம் ஒரு தனித்தொகுதி. இன்று அருகிலுள்ள வானூரும் திண்டிவனமும் தனித்தொகுதிகள். விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதியே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, கள்ளக்குறிச்சி பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29 விழுக்காட்டிற்கும் சற்று அதிகம். மாநில அளவில் அது 20 விழுக்காடு. வாக்கு எண்ணிக்கையில் இவ்வளவு பெரியவர்களாக இருப்பவர்களுக்குத் தங்கள் பாட்டைப் பாட ஊரில் ஒரு பொதுமேடை இருக்கிறதா என்று கேட்டால், பதில் அவ்வளவு எளிதாக வராது.

இந்த வட்டாரத்தில் பொதுமேடை என்பது பெரும்பாலும் கோயில் முன்புள்ள திடல். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகள் தெருக்கூத்தின் தாய்நிலம். திரௌபதி அம்மன் கோயில் விழாவும் பாரதக் கூத்தும் இங்கே பிரிக்க முடியாதவை. அந்தக் கோயிலுக்குள் நுழைவதற்கு என்ன விலை என்பதை மேல்பாதி காட்டியது. 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது கோயிலுக்குள் சென்ற தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று கோட்டாட்சியர் கோயிலுக்குச் சீல் வைத்தார். உயர் நீதிமன்ற ஆணையின்பேரில் 2024 மார்ச்சில் கோயில் திறக்கப்பட்டது, பூசைக்காக மட்டும். தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் உள்ளே சென்று வழிபட 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கருவறைக்கு வெளியே நின்று கும்பிடவே இரண்டு ஆண்டுகள் என்றால், அந்தத் திடலில் சேரியின் பாடகர் ஒலிவாங்கியைப் பிடிப்பது எப்போது என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். எனவே சேரியின் கலை நிகழ்ச்சி சாலையோரத்திலோ, அம்பேத்கர் சிலை அருகிலோ, பள்ளித் திடலிலோதான் நடக்கிறது. சாலையோரம் என்றதும் போக்குவரத்து இடையூறு என்று ஒரு காரணம் தயாராகிவிடும். பள்ளித் திடல் என்றால் இன்னொரு துறையின் அனுமதி.

இத்தனைக்கும் இந்தப் பகுதிக்குப் பாட்டு புதிதன்று. முனைவர் கே.ஏ. குணசேகரனைத் தமிழக தலித் இயக்கம் எளிதில் மறக்காது. சிவகங்கை மாவட்டத்தில் இளையான்குடியை அடுத்த மாரந்தையில் பிறந்த அவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றி, 2016 ஜனவரியில் புதுச்சேரியிலேயே மறைந்தார். ‘பலி ஆடுகள்’ நாடகம், ‘வடு’ என்ற தன்வரலாறு ஆகியவற்றின் ஆசிரியராகப் பலரும் அவரை அறிவர். ஆனால் கிராமங்களுக்கு அவர் முதலில் பாடகர். தன்னானே கலைக்குழுவுடன் ஊர் ஊராகச் சென்றார். கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ அவருடைய குரலில்தான் சேரிகளுக்குள் நுழைந்தது. பெரிய பக்கவாத்தியங்கள் இல்லை. பறையும் தவிலும் ஒரு கனத்த குரலும் போதுமானவையாக இருந்தன. நாட்டுப்புறப் பாடல் என்றால் நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று வகை பிரித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்த கல்விப்புலத்திற்கு, அதே மெட்டில் கூலி கேட்கவும் அவமானத்தைச் சொல்லவும் முடியும் என்று அவர் பாடிக் காட்டினார். மதுரையில் இறையியல் கல்லூரிப் பேராசிரியரான தியாப்பிலஸ் அப்பாவு ‘பரட்டை’ என்ற பெயரில் செய்ததும் இதுவே. நாட்டுப்புற மெட்டில் தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடினார். வழிபாட்டு இசையையே சேரியின் மொழிக்கு மாற்றினார்.

இவர்கள் தொட்ட பொருள் எது? சாதி. அதை நீக்கிவிட்டால் ‘மனுசங்கடா’வில் என்ன மிஞ்சும்?

பறையின் கதையும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். ஊர்த்தெருவின் சாவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காக அடி வாங்கிய தலைமுறை ஒன்று உண்டு. கட்டாயத் தொழிலாக இருந்தவரை அதை அடிக்கமாட்டோம் என்றார்கள். விருப்பக் கலையாக, விடுதலைக் கருவியாக மாற்றியபின் அதைத் தாங்களே கையில் எடுத்தார்கள். அடித்தபோது இழிவு, மறுத்தபோது திமிர், மேடையில் ஏறியபோது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று மூன்று கட்டங்களிலும் அதே ஊர்தான் பேசியது. 2025இல் மதுரை மாவட்டப் பறை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரியது. 2007இல் தொடங்கிய சென்னைச் சங்கமம் ‘நம்ம ஊரு திருவிழா’வாக 2023இல் மீண்டும் வந்தபோது அரசு மேடைகளில் பறை ஒலித்தது. அதுவும் நல்லதே. ஆனால் அரசு மேடையில் பறை மரபுக் கலையாக நிற்கிறது. அதன் மீது சொல் ஏறும்போதுதான், அதாவது பாட்டாக மாறி யார் அடித்தார்கள், யார் செத்தார்கள் என்று பெயர் சொல்லத் தொடங்கும்போதுதான், நிபந்தனையின் மூன்றாவது வரி எழுந்து வருகிறது. தாளத்துக்குத் தடை இல்லை, வரிகளுக்கே தடை.

பெருநகரத்தில் இந்த நிலைமை ஓரளவு உடைபட்டது. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பண்டிதர் அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்தே அந்தப் பெயர் பிறந்தது. கானாவும் ராப்பும் பறையும் கலந்த அந்த மேடையில் இட ஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டாயின. 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. மறு ஆண்டு மதுரைக்கும் கோவைக்கும் சென்றது. சபாக்களின் மாதத்தில் ஒப்பாரிக் கலைஞரும் கானாப் பாடகரும் மேடையின் நடுவே நின்றார்கள். இந்நிகழ்ச்சிகளின் பண்பாட்டு முக்கியத்துவம் குறித்து நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வழக்கறிஞராக எனக்குத் தோன்றும் எளிய செய்தி வேறு. ஓர் அறியப்பட்ட இயக்குநரும், ஊடகக் கவனமும், பெருநகரத்து அரங்கமும் சேர்ந்தால் மூன்றாவது நிபந்தனை படுத்துவிடுகிறது. கண்டமங்கலம் ஒன்றியத்தில் ஒரு சேரியின் இளைஞர் மன்றம் அதே பாடல்களுக்காக விண்ணப்பித்தால் அது எழுந்து நிற்கிறது. சட்டத்தின் கண்ணில் இரு மேடைகளும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் எழுதித் தருகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு காவல் நிலையத்தில், பாடப்போகும் பாடல்களின் வரிகளை முன்கூட்டியே எழுதித் தாருங்கள் என்று இளைஞர்களிடம் கேட்டார்கள். சினிமாப் பாட்டென்றால் வேண்டாம், சொந்தப் பாட்டென்றால் தாருங்கள் என்றார்கள். கேட்டவர் கெட்ட எண்ணத்துடன் கேட்டதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு மேலிருந்து வந்த கேள்வியாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இந்தப் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது.

சினிமாப் பாட்டுக்குச் சாதி இல்லை என்று எண்ணுகிறோம். 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தின் பாடல் ஒன்று தென்மாவட்டங்களில் சாதிப் பெருமித கீதமாக முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒலிபெருக்கிகளில் ஒலித்துவருகிறது. 2023இல் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில் இயக்குநர் மாரி செல்வராஜ் அந்தப் படம் தமக்குத் தந்த வலியைப் பேசியபோதுதான் பலருக்கு அது ஒரு பேசுபொருள் என்றே தெரிந்தது. தணிக்கைச் சான்று பெற்ற படத்தின் பாட்டு என்பதால் எந்த ஆய்வாளரும் அதன் வரிகளைக் கேட்பதில்லை. சாதிப் பெருமிதத்துக்குத் தயாராக ஒரு திரைப்பாடல் களஞ்சியம் இருக்கிறது. சாதி எதிர்ப்புக்கோ பெரும்பாலும் அவரவர் எழுதிக்கொண்ட பாட்டுத்தான். எனவே ‘சொந்தப் பாட்டென்றால் வரி தாருங்கள்’ என்ற கோரிக்கை யார் தலையில் விழும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

வரிகளை முன்கூட்டியே கேட்கும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டா? ஒரு காலத்தில் அதைப் போன்ற ஒன்று இருந்தது. 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை வெள்ளையர் கொண்டுவந்தார்கள். அதன் அடியொற்றி 1954இல் சென்னை மாகாணம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றிக்கொண்டது, எம்.ஆர். ராதாவின் நாடகங்களை முடக்கவே அது வந்தது என்று இன்றும் பேசப்படுகிறது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை அதிகாரம் அரசமைப்புக்கு முரணானது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1956லேயே கூறியது. இந்திய மக்கள் நாடக மன்றத்தின் நாடகம் தொடர்பான வழக்கு அது. தமிழ்நாட்டுச் சட்டம் மட்டும் அதன்பிறகும் அரை நூற்றாண்டு வாழ்ந்தது. எழுத்தாளரும் பரீக்‌ஷா நாடகக் குழுவின் நிறுவனருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்துக் காத்திருந்த காலம் அத்துடன் சட்டப்படி முடிந்துபோனது. நாடகத்துக்கு முடிந்துபோன ஒன்று, ஒலிபெருக்கி அனுமதி என்ற பெயரில் பாட்டுக்குத் திரும்பி வர முடியாது.

ஒலிபெருக்கியை ஒழுங்குபடுத்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை விலக்களிக்க அரசுக்கு இடம் தருகின்றன. நேரம், ஒலி அளவு, கூட்டத்தின் பாதுகாப்பு, போக்குவரத்து ஆகியவற்றில் காவல்துறை நிபந்தனை விதிக்கலாம். பாட்டின் பொருளில் விதிப்பதற்கு அரசமைப்பின் 19(2) கூறு கேட்பது ஒரு சட்டத்தை. சாதியைத் தொட்டுப் பாடக் கூடாது என்று நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டம் எது? அப்படி ஒன்று இல்லை. இருப்பவை நீதிமன்ற ஆணைகளில் வந்த வாசகங்கள். அந்த வழக்குகளைத் தொடுத்தவர்கள் பெரும்பாலும் திருவிழாக் குழுவினர். அவர்களுக்குத் தேவைப்பட்டது திரைப்பாடலும் நடனமும். சாதியைத் தொடமாட்டோம் என்று உறுதி தருவதில் அவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை. தந்தார்கள், ஆணை வந்தது, அந்த ஆணை அடுத்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. சாதி எதிர்ப்புப் பாடகர் ஒருவர்கூட அந்த நீதிமன்ற அறையில் இருந்திருக்க வாய்ப்பில்லை. தம்மைக் கேட்காமலே எழுதப்பட்ட நிபந்தனைக்கு அவர் இன்று கட்டுப்பட்டிருக்கிறார். பொதுவிடத்தில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாமே தவிர, அளவுகோலற்ற விருப்ப அதிகாரத்தை அதிகாரியின் கையில் கொடுக்க முடியாது என்று அகமதாபாத் காவல் ஆணையருக்கு எதிரான ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லிவிட்டது. ‘தொடுதல்’ என்ற சொல்லைவிட அளவுகோலற்ற ஒரு சொல்லைத் தேடுவது கடினம். தீண்டாமையை ஒழித்த 17ஆம் கூறைக் கொண்ட நாட்டில், காவல்துறையின் ஒரு நிபந்தனை தீண்டுதலைத் தடை செய்கிறது என்பதில் ஒரு கசப்பான பொருத்தமும் இருக்கிறது.

இனி, நம் தோழர்களிடமிருந்தே வரும் ஒரு மறுப்புக்கு வருகிறேன். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் திருவிழாக்களில் ஆதிக்கச் சாதிப் பாடல்களைத் தடுக்க நமக்கு வேறு என்ன பிடி இருக்கிறது என்று கேட்கிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இந்த மாவட்டம் பட்ட காயங்கள் அப்படி. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரிலேயே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்கு வாகனங்கள் சென்ற நாளில், மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. சேரியைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து ஒலியைக் கூட்டும் வண்டியைப் பார்த்திருக்கும் எவரும், எந்தப் பாட்டும் வேண்டாம், நிம்மதி போதும் என்று நினைப்பது இயல்பு. அந்தப் பாடல்களைப் பற்றிக் காவல்நிலையத்தில் மனுக் கொடுத்தவர்களுள் நானும் உண்டு.

ஆனால் அதற்கான பிடி இந்த நிபந்தனையில் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பின் அச்சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொதுப்பார்வையில் இழிவுபடுத்துவதையும் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. 3(1)(யு) பிரிவு, பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகைமையையும் வெறுப்பையும் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. பாட்டு என்பது பேச்சின் ஒரு வடிவம்தான். பண்பாட்டு ஊர்வலத்தில் பங்கேற்பதையோ ஊர்வலம் நடத்துவதையோ தடுப்பதை 3(1)(இசட்ஏ) குற்றமாக்குகிறது. இந்தப் பிரிவுகளில் ஒரு திசை இருப்பதைக் கவனியுங்கள். யார் யாரை இழிவுபடுத்துகிறார், யார் யாரைத் தடுக்கிறார் என்று சட்டம் கேட்கிறது. மூன்றாவது நிபந்தனை அந்தக் கேள்வியையே அழித்துவிடுகிறது. நாடாளுமன்றம் கண்ணைத் திறந்து எழுதிய வேறுபாட்டை, அனுமதிக் கடிதம் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடுகிறது. ஆதிக்கச் சாதிப் பாடலைத் தடுக்க அதை நம்புவது, வீட்டில் சாவி இருக்கும்போது பூட்டை உடைக்க ஆளைக் கூப்பிடுவது போன்றது. வருகிறவன் யார் வீட்டை உடைப்பான் என்பதும் உறுதியில்லை.

காவல்துறை வழக்கமாகச் சொல்லும் அடுத்த காரணம், எதிர்ப்பு வரும், கலவரம் ஆகும் என்பது. இதற்கு நமக்கு உதவும் தீர்ப்பு ஓர் எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப்படம் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்தது. திரையிட்டால் கலவரம் ஆகும் என்று வாதிடப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதன் சான்றிதழை ரத்துசெய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. எதிர்ப்பாளர்களின் மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை அடக்க முடியாது. அந்த உரிமையைக் காப்பது அரசின் கடமை. சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது. ஆபத்து வெடிமருந்தருகே தீப்பொறி விழுவதைப் போல நேரடியானதாக இருக்க வேண்டும் என்று அந்த ரங்கராஜன் தீர்ப்பு விளக்கியது. அந்தப் படத்தின் கருத்தில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஆயினும் என் வழக்குக் கட்டில் எப்போதும் இருக்கும் தீர்ப்பு அது. சாதியைத் தொட்ட, நம்மை எதிர்த்தே தொட்ட, ஒரு படைப்புக்குக் கிடைத்த பாதுகாப்பு, சாதியால் அடிபட்டவரின் பாட்டுக்குக் கிடைக்காது என்று எந்த அரசு வழக்கறிஞர் எழுந்து சொல்ல முடியும்?

மேடைக்கு முன் வரும் தடையைப் பற்றியே இதுவரை பேசினோம். மேடைக்குப் பின் வரும் வழக்கு இன்னொரு தடை. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் மதுக்கடைகளுக்கு எதிரான பாடல்களுக்காக 2015 அக்டோபர் இறுதியில் நள்ளிரவில் கைதுசெய்யப்பட்டார். தேசத்துரோகப் பிரிவான 124ஏ அவர்மீது பாய்ந்தது. பிணையில் வந்தார், மீண்டும் பாடினார், 2018இல் மீண்டும் கைதானார். மகாராட்டிரத்தில் கபீர் கலா மஞ்ச் குழுவின் ஷீத்தல் சாத்தேயும் சச்சின் மாலியும் 2013இல் சட்டமன்றத்தின் முன்னே வந்து கைதானார்கள். சச்சினுக்குப் பிணை கிடைக்க 2017 ஆயிற்று. அதே குழுவின் மூவர் 2020இல் பீமா கோரேகான் வழக்கில் சிறை சென்றனர். கானாப் பாடகி இசைவாணி, கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் சில ஆண்டுகளுக்கு முன் பாடிய பாடலுக்காக 2024 நவம்பரில் திடீரென்று மிரட்டலுக்கும் புகார்களுக்கும் உள்ளானார். பாடிய நாளில் புண்படாத மனம், சமூக ஊடகத்தில் துண்டுக் காணொளி பரவிய பின் புண்பட்டது.

யாருடைய மனத்தை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்விக்கு 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் விடை தந்தது. ஒரு கவிதையைப் பின்னணியாகக் கொண்ட காணொளிக்காகக் குஜராத் காவல்துறை பதிந்த முதல் தகவல் அறிக்கையை அது ரத்துசெய்தது. சொற்களின் விளைவை மன உறுதியும் துணிவும் கொண்ட இயல்பான மனிதரின் அளவுகோலால் பார்க்க வேண்டும். எதைக் கேட்டாலும் நடுங்குகிறவரின் அளவுகோலால் அன்று என்றது. மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல், ஏழு ஆண்டுக்குக் கீழ் தண்டனைக்குரிய பேச்சுக் குற்றங்களில், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்கீழ், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் பதினான்கு நாள்களில் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்ப்பதே முறை என்றும் சொன்னது. நம் கிராமங்களில் இதற்கு உடனடிப் பயன் உண்டு. ஊர்த்தெருவிலிருந்து நாலு பேர் போய், ‘எங்களைப் பற்றிப் பாடினார்கள்’ என்று சொன்னவுடன் அன்றிரவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் வழக்குப் பதிவதற்கு முன், காவல் நிலையம் அந்தப் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேட்டாக வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? விண்ணப்பத்தைக் கடைசி வாரத்தில் கொடுக்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே, ஒப்புகை பெற்றுக் கொடுங்கள். நேரம், இடம், ஒலி அளவு, தன்னார்வலர் எண்ணிக்கை ஆகியவற்றை நீங்களே எழுதிவிடுங்கள். பாடல் வரிகளைக் கேட்டால், எந்தச் சட்டப்பிரிவின்கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். அநேகமாக அந்த இடத்திலேயே பாதிப் பிரச்சினை கரைந்துவிடும், ஏனெனில் எழுத்தில் தருவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மூன்றாவது நிபந்தனையுடன் அனுமதி வந்தால், அதை எதிர்த்து உடனே ஒரு மறுப்புக் கடிதம் கொடுங்கள். பேசாமல் வாங்கிக்கொண்டால் ஒப்புக்கொண்டதாகப் பின்னர் சொல்லப்படும்.

இவை அந்தந்த மேடைக்கான வைத்தியம். நிலையான மாற்றத்துக்கு அந்த வாசகமே மாற வேண்டும். ‘சாதியைத் தொடும் பாடல்’ என்பதற்குப் பதிலாக, ‘சாதி மேன்மையைப் போற்றும், அல்லது சாதியின் பேரால் எவரையும் இழிவுபடுத்தும் பாடல்’ என்று எழுதினால் போதும். காவல்துறைத் தலைமை இயக்குநர் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்துவிடலாம். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்த அரசுக்கு, காவல்துறையின் ஒரு கடிதத்தில் ஒரு சொற்றொடரை மாற்றுவது பெரிய வேலையன்று.

அரசு செய்யாவிட்டால் நீதிமன்றம்தான் வழி. அங்கே கண்டமங்கலத்தின் அமைவிடம் ஒரு வாய்ப்பையும் தருகிறது. விழுப்புரம் மாவட்டம் சென்னை முதன்மை அமர்வின் கீழ் வருகிறது. புதுச்சேரியும் அதே உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான். திருபுவனையிலும் கண்டமங்கலத்திலும் வில்லியனூரிலும் பாடும் ஒரு குழு, இரு அரசுகளையும் இரு காவல்துறைத் தலைமைகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து ஒரே நீதிப்பேராணை மனுவைத் தாக்கல் செய்யலாம். திருவிழாக் குழுக்களின் வழக்குகளில் எழுதப்பட்ட வாசகத்தை, முதன்முறையாகப் பாடகர்களே மனுதாரர்களாக நின்று கேள்விக்குட்படுத்தும் வழக்காக அது இருக்கும். அடுத்த ஏப்ரல் 14க்கு முன் விசாரணைக்கு வர வேண்டுமானால், ஜனவரியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்து, மறுப்பையோ நிபந்தனையையோ எழுத்தில் கையில் வைத்திருக்க வேண்டும்.